அதிபரின் கஜானாவுக்கு இரண்டு காவல்கள்

அமெரிக்க அதிபரின் செலவினங்களைக் கண்காணிப்போரில், துறைகளுக்குள்ளேயே அமர்ந்திருக்கும் தலைமை ஆய்வாளர்களும், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் கீழ் இயங்கும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகமும் முக்கியமானவர்கள்.

1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தலைமை ஆய்வாளர்கள் கோப்புகளையும் ஒப்பந்தங்களையும் உள்ளிருந்தே பார்ப்பதால், ஊழலை மோப்பம் பிடிப்பதில் அவர்கள் கையே ஓங்கியிருக்கிறது. ஆனால் பெரிய துறைகளில் அவர்களை நியமிப்பவரும் நீக்குபவரும் அதிபரே. நீக்கத்துக்கு 30 நாள் முன்னதாகக் காங்கிரசுக்குக் காரணத்துடன் அறிவிக்க வேண்டும் என்ற விதி இருந்தும், 2025 ஜனவரியில் டிரம்ப் பதினைந்துக்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் நீக்கினார். அதைச் சட்டவிரோதம் என்று செப்டம்பரில் கூறிய கூட்டாட்சி நீதிபதியும் அவர்களை மீண்டும் பணியில் அமர்த்த மறுத்துவிட்டார். கசக்கும் வெற்றிதான் அது.

1921-இல் தோன்றிய பொறுப்புடைமை அலுவலகத்தின் தலைவருக்கோ பதவிக்காலம் 15 ஆண்டுகள். அதிபர் அவரைத் தன்னிச்சையாக நீக்க முடியாது. ஆகவேதான், உக்ரைனுக்கான பாதுகாப்பு நிதியை டிரம்ப் அரசு நிறுத்திவைத்தது, காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் தன்னிச்சையாக முடக்குவதைத் தடுக்கும் 1974-ஆம் ஆண்டின் நிதி முடக்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முரணானது என்று 2020 ஜனவரியில் அதனால் வெளிப்படையாக அறிவிக்க முடிந்தது. அம்முடிவு வெள்ளை மாளிகையைக் கட்டுப்படுத்தவில்லை என்பதும், வழக்குத் தொடரச் சட்டம் தரும் உரிமையை அவ்வலுவலகம் மிக அரிதாகவே கையில் எடுத்திருக்கிறது என்பதும் அதன் பலவீனங்கள். ஆயினும், பதவி பறிபோகும் அச்சமின்றி எழுதப்படும் அறிக்கையையே நான் கூடுதலாக நம்புவேன்.