அமுக்கரா, துளசி, நீர்ப்பிரமி: வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துப் பயன்படுத்திய அனுபவம்

மன அழுத்தத்தைத் தாங்க உடலுக்குத் துணை நிற்பவை என்று சொல்லப்படும் மூலிகைகளுக்கு 'அடாப்டோஜன்' என்று பெயர். 1947இல் சோவியத் விஞ்ஞானி நிகோலாய் லாசரேவ் கொடுத்த பெயர் அது. அந்த வகையில் சேர்க்கப்படும் சில செடிகளைப் பல வருடங்களாக வளர்த்துப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மருந்தாவது இலையா வேரா என்பதை. இலைச்செடி தினமும் கொடுக்கும். வேர்ச்செடி ஒரே ஒருமுறை கொடுக்கும், அதோடு செடியும் போய்விடும்.

முதலில் அமுக்கராவை, அதாவது அசுவகந்தாவைப் பார்ப்போம். வளர்ப்பது கடினமே இல்லை. 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். மணல் கலந்த, தண்ணீர் தேங்காத மண் போதும். உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை செழிக்குமே தவிர வேர் பெருக்காது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறேன்; ஈரம் நின்றால் வேரழுகல் வந்துவிடும். புள்ளி வண்டு இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும், எனவே இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் கொத்தாக முட்டை தெரிந்தால் அந்த இலையையே கிள்ளி எறிந்துவிடுவேன். மருந்து அடிப்பதைவிட அது நல்லது.

ஐந்து, ஆறு மாதத்தில் இலைகள் காயத் தொடங்கும், பழங்கள் செம்மஞ்சளாகச் சிவக்கும். அதுதான் வேர் எடுக்கும் பருவம். கழுவித் துண்டாக்கி, மடக்கினால் 'பட்' என்று ஒடியும்வரை காயவைக்க வேண்டும்.

கணக்கு இடிப்பது இங்கேதான். வேர்ப்பொடிக்கு மரபாகச் சொல்லப்படும் அளவு நாளைக்கு 3 முதல் 6 கிராம். குறைந்த அளவையே எடுத்தாலும் இரண்டு மாதத்துக்கு 180 கிராம் ஆகிறது. ஒரு செடியில் 5 கிராம் காய்ந்த வேர் கிடைத்தால்கூட 36 செடிகள் வேண்டும். அப்புறம், ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது வெறும் பொடி அல்ல, செறிவூட்டிய வேர்ச்சாறு. 2012இல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வில் 64 பேரில் பாதிப்பேருக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாற்றை நாளுக்கு இருமுறை, 60 நாட்கள் கொடுத்தார்கள். அவர்களுக்கு மன அழுத்தமும், அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் அளவும் குறைந்தன. அந்தப் பலனை வீட்டுப் பொடியிடம் அப்படியே எதிர்பார்க்க முடியாது. பொடி எடுத்த நாட்களில் எனக்குத் தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. பொடியால்தானா, இரவில் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அமுக்கரா இலையை உள்ளுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். செல்களைத் தாக்கக்கூடிய வித்தாஃபெரின்-ஏ இலையில் அதிகம்.

துளசி இதற்கு நேர் எதிர். நல்ல வெயிலும் தொடர்ந்து கிள்ளுதலும்தான் அது கேட்பவை. கதிர் விடத் தொடங்கியதும் நுனியோடு கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துச் செடி அடர்த்தியாகும். விட்டுவிட்டால் விதை வைத்து, தண்டு முற்றி, இலை சிறுத்துப்போகும். இலையை வெந்நீரில் போட்டவுடன் மூடி வைக்க வேண்டும், வாசம் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும் என்பதால். காலையில் ஒரு குவளை குடிப்பது எனக்குப் பிடித்துப்போன பழக்கம். இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் சலிக்காத செடி இதுதான்.

நீர்ப்பிரமிக்கு மாறாத ஈரம் வேண்டும். அடியில் ஓட்டையில்லாத அகலத் தொட்டி அதற்குச் சரி. ஒரு தண்டை மண்ணில் படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பரவும். ஆனால் மண்ணிலும் நீரிலும் உள்ள கன உலோகங்களையும் இது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சுத்தமான மண், சுத்தமான நீர் இல்லாமல் இதை வளர்த்துச் சாப்பிடக் கூடாது. நினைவாற்றல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 12 வாரம் அளவுக்கு நடந்தவை, ஆக ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது. வெறும் வயிற்றில் எடுத்தால் வயிற்றைப் புரட்டும்.

தண்ணீர்விட்டான் கொடி கண்ணுக்கு அழகு, கைக்கு முள். கிழங்குக்கு ஒன்றரை வருடமாவது காத்திருக்க வேண்டும். சீந்தில் ஒரு தண்டை நட்டாலே வேலியெல்லாம் ஏறிவிடும். ஆனால் 2020க்குப் பிறகு அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்ததிலிருந்து அதை உள்ளுக்கு எடுப்பதில்லை.

அமுக்கராவிலும் கல்லீரல் பாதிப்பு அரிதாக வந்திருக்கிறது. 2023இல் டென்மார்க் அதைத் தடையே செய்தது. கர்ப்பிணிகள் அதை எடுக்கக் கூடாது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். எடுக்கும் நாட்களில் சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, தோல் அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எந்தச் செடியை, எவ்வளவு, எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.