ஸ்டிக்கரில் எழுதிய நாடு: மூன்று பேட்டரி டிரில்களும் எட்டு ஆண்டுகளும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வயரிங், ஃபேன், கேபிள் டிரே, துணி அடுக்கும் இரும்பு ரேக் ஆகியவற்றைப் பொருத்திக் கொடுக்கும் வேலையை, என்னோடு இரண்டு பேரை வைத்துக்கொண்டு செய்து வருகிறேன். முதல் பேட்டரி டிரில்லை 2017இல் வாங்கினேன். இரண்டாவது 2020இல், மூன்றாவது 2021இல். மூன்று முறையும் கடை மேசைமேல் மெஷினைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். அப்படிப் பார்த்து வாங்கியது எங்கே உதவியது, எங்கே ஏமாற்றியது என்பதை, இவற்றை நாள்தோறும் கையில் பிடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நாட்டைப் பார்க்கும் பழக்கம் என் மாமாவிடமிருந்து வந்தது. காங்கயத்துக்குப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் அவரிடம், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் முப்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த, ஒயர் போட்ட ஜப்பான் டிரில் ஒன்று இன்றும் ஓடுகிறது. மோட்டாருக்குள் உரசித் தேயும் கார்பன் பிரஷ்ஷை எத்தனையோ முறை மாற்றிவிட்டார். மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரை ஒருமுறை கோவைக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி வந்தார். "மாப்ள, வாங்குனா ஜப்பான் வாங்கு, இல்லாட்டி ஜெர்மன் வாங்கு, சைனாவத் தொட்டுடாதே" என்பது அவருடைய தீர்ப்பு. அந்த டிரில் வாழ்ந்ததற்கு ஜப்பான் ஒரு காரணம் என்றால், பிரஷ்ஷும் காயிலும் கிடைத்த கோவை இன்னொரு காரணம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

2017இல் கோவையில் நான் கேட்டது ஐரோப்பியப் பெயர் கொண்ட 12 வோல்ட் டிரில். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் கவிழ்த்துப் பார்த்தால் மலேசியா என்றிருந்தது. "ஏனுங்க, ஒரிஜினல்தானுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பேரு ஒரு ஊரு, பொறப்பு ஒரு ஊருங்க; இந்த அலமாரி முழுக்க அப்படித்தானுங்க" என்றார். அவர் சொன்னது உண்மையே. 1915இல் நகோயாவில் தொடங்கி, 1969இலேயே சார்ஜ் செய்யக்கூடிய டிரில்லைச் செய்த மகிடாவுக்கு ஜப்பானில் ஆலை இருக்கிறது. சீனாவின் குன்ஷானிலும் ருமேனியாவிலும் இருக்கிறது. அமெரிக்கப் பெயரான மில்வாக்கி, 2005 முதல் ஹாங்காங்கைச் சேர்ந்த குழுமத்துக்குச் சொந்தம். ஹிட்டாச்சி என்ற பெயரில் நாம் பார்த்துப் பழகிய டிரில், அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனபிறகு 2018 முதல் ஹைகோக்கி என்ற பெயரில் வருகிறது. பெயரை வைத்து நாட்டையும், நாட்டை வைத்துத் தரத்தையும் கணக்கிடுவது இந்தச் சரக்கில் எளிதாக இல்லை.

உண்மையில் திருப்பூரில் பிழைக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதே இல்லை. நான் ஃபேன் மாட்டும் அதே கம்பெனியில், அதே லைனில், அதே பவர்டேபிள் தையல் மெஷினில், முதல் பாதி மாதம் ஐரோப்பிய பையருக்கு (சரக்கு வாங்கும் கம்பெனிக்கு) ஓடும். அடுத்த பாதி லோக்கல் ஆர்டருக்கு ஓடும். தைக்கிறவர் அதே ஆள். பையருக்குப் போகிற பீஸில் நூலின் தரத்தை அவர்கள் முடிவு செய்கிறார்கள், அளவுகளைச் சரிபார்க்கிறார்கள், ஏ.க்யூ.எல். 2.5 (ஒரு லாட்டில் ஏற்கக்கூடிய குறைகளின் வரம்பு) என்று சொல்லிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து, குறை கூடினால் லாட்டையே திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பியது திருப்பூரின் மலிவுத் துணிச் சந்தையான காதர்பேட்டைக்குப் போகிறது. இரண்டிலும் "இந்தியாவில் தயாரானது" என்ற ஒரே வாசகம்தான் இருக்கும். இதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டே, டிரில் வாங்கும்போது மட்டும் சைனா என்ற ஒரு சொல்லைக் கண்டு நான் ஒதுங்கினேன் என்பதை நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

முதல் டிரில்லைப் பற்றிக் குறையாகச் சொல்ல அதிகம் இல்லை. 10 மி.மீ. சக் (துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முனை), கைக்கு அடக்கம், ஏணிமேல் நின்று ஒற்றைக் கையால் பிடித்து கேபிள் டிரேக்கு ஸ்குரூ முடுக்க ஏற்ற எடை. 2020இல் வேலை கூடியபோது அதன் வலு போதவில்லை. ரேக் சட்டங்களில் 1.6 மி.மீ. கனமுள்ள இரும்புக் குழாயில் ஒரு நாளைக்கு நூறு துளைக்குமேல் போட வேண்டியிருந்ததால், 13 மி.மீ. சக் உள்ள 18 வோல்ட் மெஷினைத் தேடினேன். ஜப்பானியப் பெயர், பிரஷ் இல்லாத மோட்டார், ஸ்டிக்கரில் சீனா. கோவிட் காலத்தில் வேறு சரக்கு கடையில் இல்லாததால்தான் அதை வாங்கினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருந்திருந்தால் மாமாவின் சொல்லைத் தட்டியிருக்க மாட்டேன். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, என்னிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்த மெஷின் அதுதான். சக்கில் ஆட்டம் இல்லை, கியர் சத்தம் மாறவில்லை, ஸ்குரூ அளவுக்குமேல் இறுகாமல் விடுவிக்கும் கிளட்ச் இன்றும் வைத்த எண்ணில் சரியாக விடுகிறது. சுத்தியல் முறையில் செங்கல் சுவரில் 8 மி.மீ. துளை வெண்ணெய்போலப் போகும். கான்கிரீட் பீமில் மட்டும் அதை வருத்தாமல், ஒயர் போட்ட ரோட்டரி ஹாமரை எடுத்துக்கொள்வேன். அந்த வேலை எந்த நாட்டுப் பேட்டரி டிரில்லுக்கும் உரியதன்று.

மூன்றாவது டிரில், உடன் வேலை செய்யும் பையனுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்பதற்காக, முதல் இரண்டின் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கியது. பெட்டியில் நம் நாட்டுப் பெயர்போல ஒரு பெயர். உள்ளே ஸ்டிக்கரில் இதுவும் சீனா. பேட்டரிமேல் பெரிய எழுத்தில் 48 வோல்ட் என்று போட்டிருந்தது. பதினோரு மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது. மாற்றுப் பேட்டரி கேட்டால் அந்த மாடலே இப்போது வருவதில்லை என்றார்கள். பிட்டை மாட்டிச் சுழற்றினால் நுனி வட்டமடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. இரும்பில் பஞ்ச்சால் குழி தட்டிய புள்ளியில் அது நிற்காது. ஆக, என்னிடம் இருப்பதில் சிறந்ததும் சீனாவில் பிறந்தது, மட்டமானதும் சீனாவில் பிறந்தது.

இந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று தேடினால், பெரும்பகுதி பேட்டரிக்குள் இருக்கிறது. லித்தியம் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட். மூன்றை வரிசையாகக் கோத்தால் 10.8, இதைத்தான் முன்பு 10.8 வோல்ட் என்றே விற்றார்கள், பின்னர் முழுச் சார்ஜில் உள்ள அளவைச் சொல்லி 12 என்று ஆக்கினார்கள். ஐந்தைக் கோத்தால் 18. அதையே முழுச் சார்ஜில் பார்த்துச் சிலர் 20 என்கிறார்கள், சிலர் 21 என்கிறார்கள். மூன்றும் ஒரே சரக்கு. என் 48 வோல்ட் பேட்டரியை முழுச் சார்ஜில் மல்டிமீட்டரில் வைத்தபோது 20.6 காட்டியது. அது செத்த பிறகு பிரித்துப் பார்த்தேன்: ஐந்தே செல்கள். அதில் நான்கு 3.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தன, ஒன்று மட்டும் 1.1க்கு இறங்கியிருந்தது. ஒரு செல் பலவீனமானால் மொத்தப் பொதியும் அதனோடு விழும். செல் ஒவ்வொன்றும் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் கொண்ட 18650 வகை. மேலுறையில் எந்தப் பெயரும் இல்லை. ஆயுள் முடிந்த என் 12 வோல்ட் பேட்டரியைப் பிரித்தபோது, உள்ளே கொரிய நிறுவனத்தின் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. ஐரோப்பியப் பெயர், மலேசியாவில் பூட்டியது, கொரியச் செல்: இதற்கு எந்த நாட்டுச் சரக்கு என்று பெயர் வைப்பது? (பேட்டரியைப் பிரிப்பது எலக்ட்ரிக்கல் தெரியாதவர்கள் செய்யக்கூடிய வேலையன்று, உள்ளிருக்கும் நிக்கல் பட்டை ஸ்குரூடிரைவர் நுனியில் பட்டு ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.)

அந்த 12 வோல்ட் பேட்டரி மூன்றரை ஆண்டில் போனதற்கு மெஷினைக் குறை சொல்லமாட்டேன், தவறு என்னுடையது. சிமென்ட் ஷீட் போட்ட கம்பெனிக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் வேலை செய்துவிட்டு, கை வைத்தால் சுடும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் சொருகுவேன். இல்லையென்றால் வேனின் டேஷ்போர்டில் போட்டுவைப்பேன். 40, 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும். நல்ல சார்ஜராக இருந்தால் பேட்டரியின் சூட்டை அறிந்து, ஆறும் வரை காத்திருந்துதான் சார்ஜைத் தொடங்கும். என் இரண்டாவது மெஷினின் சார்ஜர் அப்படிக் காத்திருக்கிறது, மூன்றாவது காத்திருக்கவில்லை. ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ஒரே நாடுதான். இப்போது பேட்டரிகளைத் துணிப்பையில் போட்டு நிழலில் வைக்கிறோம், அரை மணி நேரம் ஆறவிட்டே சார்ஜில் போடுகிறோம். 2020இல் வந்த இரண்டு பேட்டரிகளும் இன்னும் ஓடுகின்றன.

அடுத்தது ரிப்பேர். நம் பகுதியில் எதையும் கட்டி ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்கிற கோவையில் காயில் கட்டும் கடை இல்லாத வீதி குறைவு. ஆனால் பேட்டரி டிரில்லில் அந்தக் கைத்திறனுக்கு இடம் மிகச் சிறியது. என் 12 வோல்ட் டிரில்லில் இருப்பது காந்தம் வைத்த சிறு டி.சி. மோட்டார், அதன் பிரஷ்ஷைத் தனியாக மாற்ற வழியில்லை, தேய்ந்தால் மோட்டாரையே மாற்ற வேண்டும். பிரஷ் இல்லாத மோட்டாரில் பழுது பெரும்பாலும் எலக்ட்ரானிக் பலகையில் வரும் என்பதால், அதைக் காயில் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே இவற்றில் உதிரிபாகம் கிடைக்கிறதா என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. நான்காவது ஆண்டில் முதல் டிரில்லின் சுவிட்ச் தேய்ந்துபோனபோது, மாடல் எண்ணைச் சொன்னவுடன் கோவையில் உள்ள சர்வீஸ் சென்டரில் ஆர்டர் போட்டார்கள். ஒரு வாரத்தில் பஸ் ஏறிப்போய் வாங்கி வந்தேன். மூன்றாவது டிரில்லுக்கு அப்படிச் சொல்ல ஒரு மாடல் எண்ணே ஸ்டிக்கரில் இல்லை.

இதனால் ஸ்டிக்கரைப் பார்ப்பதை நான் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். இன்றும் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன், பார்க்கும் வரி மாறியிருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் உற்பத்தி நாட்டோடு இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். நாட்டின் பெயரைவிட இந்த முகவரி எனக்கு அதிகம் சொல்கிறது. அங்கே இருப்பது மெஷினின் பெயருக்கு உரிய நிறுவனத்தின் இந்தியக் கிளையா, ஒரு கன்டெய்னர் இறக்கி விற்றுவிட்டு அடுத்த ஆண்டு வேறு பெயரில் வரக்கூடிய வியாபாரியா என்று பார்ப்பேன். பிறகு மெஷின் விலையைக் கேட்பதற்கு முன்பே தனிப் பேட்டரியின் விலையையும் சுவிட்ச்சின் விலையையும் கேட்பேன். அதற்கு உடனே பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்குவதில்லை. ஒரு நீளமான பிட்டை மாட்டச் சொல்லி மெதுவாகச் சுழற்றி நுனியைப் பார்ப்பேன். உற்பத்தி மாதத்தையும் பார்ப்பேன், ஏனென்றால் இரண்டு ஆண்டுகள் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி, எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் பாதி உயிரோடுதான் கைக்கு வரும்.

மூன்றாவது டிரில்லை எறியவில்லை. வேறு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்து, பெயின்ட் கலக்கும் கம்பியை மாட்டி வைத்திருக்கிறோம். அந்த வேலையில் நுனி வட்டமடித்தால் நல்லதுதான்.

சென்ற ஆண்டு மாமா தோப்புக்குச் சொட்டுநீர் போட்டார். பி.வி.சி. குழாயில் வரிசையாகத் துளை போட்டு ரப்பர் வாசர் சொருக வேண்டும், மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்தால் தோப்பின் கடைசி வரை எட்டாது என்பதால், தனக்கும் ஒரு பேட்டரி டிரில் வேண்டும் என்றார். என் இரண்டாவது மெஷினின் மாடலையே வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு, மாலையில் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினைக் கவிழ்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து வந்து ஸ்டிக்கர்மேல் ஒட்டப் போனார். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும் வரியை மட்டும் மறைத்துவிட வேண்டாம், உதிரிபாகம் கேட்கும்போது அது வேண்டும் என்று சொல்லி, டேப்பை ஒரு விரற்கடை கீழே தள்ளி ஒட்டச் செய்தேன்.