எதிர்வீட்டைப் பார்த்துப் பூத்த சூரியகாந்தி: மாமத் ரக விதை வளர்த்த அனுபவம்

என் பேத்தியின் பிறந்தநாள் பங்குனியில் வருகிறது. அன்றைக்கு நம் மாடியில் சூரியகாந்தி பூத்திருக்க வேண்டும், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்று கேட்டாள். நாலாவது படிக்கிறாள். அதற்காகத்தான் இந்த விதையை வாங்கினேன். ரஷ்யன் மாமத் என்று சொல்லும் பெரிய ரகம். ஆன்லைனில் விதை விற்கும் ஒருவரிடம் 30 விதை 80 ரூபாய், கூரியருக்கு 50 ரூபாய். மதுரையில் தை மாதம் ஊன்றி, சித்திரையில் விதை எடுத்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் விதையைப் பற்றி. 30-ல் 21 முளைத்தன, அதுவும் ஐந்தாம் நாளே. கவரில் பேக்கிங் தேதி இல்லை, அது ஒரு குறை. பாதி விதையைக் குழித்தட்டில் போட்டுப் பிறகு பைக்கு மாற்றினேன். அப்படி மாற்றிய கன்றுகள் பத்து நாள் வளராமல் அப்படியே நின்றன. ஆணிவேர் விடுகிற செடி, இடம் மாற்றினால் தாங்காது. நீங்கள் நேராகப் பையிலேயே ஊன்றிவிடுங்கள். 15 அங்குலப் பையில் செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம அளவு போட்டேன். கவரில் 10 அடி வளரும் என்று போட்டிருந்தது. எனக்கு 6 அடியைத் தாண்டவில்லை. தரையில் வைத்தால் வளருமாயிருக்கும், பையில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். மாவுப்பூச்சி வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து சாயங்காலம் அடித்தேன், அடங்கிவிட்டது.

எட்டுப் பைகளையும் கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் வரிசையாக வைத்தேன். காலை வெயில் அங்கேதான் நன்றாக விழும். மொட்டு விடும் வரைக்கும் செடி செய்கிற வேலையைப் பார்க்கப் பேத்திக்கு அலுக்கவே இல்லை. காலையில் கிழக்கே பார்க்கும், சாயங்காலம் மேற்கே திரும்பியிருக்கும். ராத்திரியில் மறுபடி கிழக்கே திரும்பி, விடிவதற்குள் சூரியனுக்காகத் தயாராக நிற்கும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்கிறது, இரவில் மேற்குப் பக்கம். திரும்புவது அதனால்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்காரர்கள் 2016-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

அந்த ஆராய்ச்சியிலேயே இருக்கிற இன்னொரு விஷயத்தை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். பூ முற்றினால் திரும்புவது நின்றுவிடும். கிழக்கே பார்த்தபடியே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடாகிற பூவுக்குத் தேனீ அதிகம் வருமாம். சரி, அதனால் என்ன ஆயிற்று? பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால் நான்கு பூ விரிந்தது, நான்கும் தெருவைப் பார்த்து. மாடியில் நின்ற எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை முதுகுதான். பேத்தி அழுதேவிட்டாள். கடைசியில் ஸ்டூல் போட்டு, ஒரு பூவின் கழுத்தை மெல்லப் பிடித்துத் திருப்பி ஒரு போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோவில் அவள் சிரிப்பைப் பார்த்தால் முன்னால் அழுதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பூக்கள் பார்த்து நின்றது எதிர்வீட்டு மாடி ஜன்னலை. அந்த வீட்டுக்காரர் ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் மனைவி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்றிலிருந்து அந்த ஜன்னல் திறந்து நான் பார்க்கவில்லை. தினமும் அவள் வாசலில் நின்று மல்லிகை முழம் போட்டுக் கொடுத்த பூக்காரம்மா இப்போது நிற்காமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். கணவன் போனால் பூவும் போக வேண்டும் என்று யார் வைத்தது? எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. ஆனால் போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள் காலை ஜன்னல் திறந்திருந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். சூரியகாந்தியை நம் பக்கம் தலையில் வைக்கிற வழக்கம் இல்லை. அதைப் பார்க்க அவளுக்கு யாரும் தடை சொல்ல முடியாது.

பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள், அதற்காகவாவது இந்த ரகம் வாங்கலாம். சாப்பாட்டுத் தட்டு அகலம். நாம் ஒரு பூ என்று சொல்வது பல நூறு சின்னப் பூக்கள் சேர்ந்த கூட்டம். சுற்றிலும் மஞ்சள் இதழ் மாதிரி இருப்பவையும் தனித்தனிப் பூக்களே, ஆனால் அவை விதை பிடிக்காது. விதையெல்லாம் நடுவில் இருக்கிற பழுப்புப் பூக்களில்தான். அவை ஓரத்திலிருந்து தினம் ஒன்றிரண்டு வரிசையாக உள்நோக்கித் திறக்கும். முதலில் மகரந்தத் தூள் தெரியும், அடுத்த நாள் அதே இடத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டாகச் சுருண்ட நுனி எட்டிப் பார்க்கும். எங்கள் தெருவில் தேனீ குறைவு. அதனால் காலை எட்டு மணி வாக்கில் மெல்லிய துணியால் ஒரு பூவை ஒற்றி அடுத்த பூவில் ஒற்றினேன். கொண்டையில் விதை சுழன்று போகிற வரிகளைப் பேத்தி ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினாள். ஒரு பக்கம் 34, எதிர்ப்பக்கம் 55. மூன்று தடவை எண்ணியும் அதே கணக்கு.

அப்புறம் பூ தலை கவிழ ஆரம்பித்தது. இதழ் வாடி உதிர்ந்தது, கழுத்து வளைந்தது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி தெருவைத் தாண்டி என் வாசலுக்கு வந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"அக்கா, அந்தப் பூவெல்லாம் ஏங்க்கா தலையத் தொங்கப் போட்டுருச்சு? தண்ணி விடலையா?"

கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். ஒரு தலையை நிமிர்த்தி, காய்ந்த சருகைக் கட்டை விரலால் தேய்த்துவிட்டேன். உள்ளே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட விதைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. "தண்ணி இல்லாம இல்லம்மா, விதை ஏறுது. கனம் தாங்காமக் குனிஞ்சிருக்கு" என்றேன். அவள் அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு அவரைப் பற்றிப் பேசினாள். இருட்டும் வரைக்கும் பேசினாள்.

அறுவடைக்கு ஒரு குறிப்பு. தலையின் முதுகுப்புறம் பச்சை போய் மஞ்சளாகி, பழுப்பு ஏறும்போது அறுக்கலாம். அதற்குள் அணிலும் கிளியும் தின்றுவிடும். பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தலைக்கு மூட்டை கட்டினேன். பிளாஸ்டிக் பை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நான்கு தலையில் ஒன்றை முழுதாக அணிலுக்கு விட்டுவிட்டோம், பேத்தியின் உத்தரவு. மற்ற நான்கு செடிகளில் தலை சின்னதாகத்தான் வந்தது, விதையும் பாதி பொக்கு. ஒரு தண்டுக்கு ஒரு பூதான் என்பதும் நினைவிருக்கட்டும். மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் கிளைத்துப் பூக்கிற வேறு ரகம் வாங்குங்கள்.

முளைப்பு, பூவின் அளவு, விதை எல்லாம் சேர்த்து ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். உயரம் பற்றிய வாக்கும், தேதி இல்லாத கவரும் அந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டன.

ஆடி பிறந்ததும் எதிர்வீட்டுக்காரி ஒரு கைப்பிடி விதை வாங்கிப்போனாள். எங்கே வைப்பது என்று கேட்டாள். "நீ பார்க்கணும்னா மேற்கு ஓரத்துல வை, அது கிழக்க பாத்துத்தான் நிக்கும்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு முதுகுதானக்கா தெரியும்?"

"நாங்கதான் பார்த்தாச்சே" என்றேன். எட்டு ஊன்றியிருக்கிறாள். நேற்று வரைக்கும் ஆறு முளைத்திருக்கிறது.