விலையுயர்ந்த பேஸ் ப்ரீஆம்ப் பெடல்: சில வருடங்கள் வாசித்த பிறகு

பேஸ் ப்ரீஆம்ப் பெடல் (பேஸ் கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி டோனைச் சீர்படுத்தும், காலால் மிதித்து இயக்கும் பெட்டி) வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: நீங்கள் வாசிப்பது கேட்பவர் காதுக்கு எந்த வழியாகப் போகிறது? முதுகுக்குப் பின்னால் நிற்கும் சொந்த ஆம்ப் வழியாக என்றால் ஒரு பதில். மேடை ஓரத்து டிஐ பாக்ஸிலிருந்து (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) நேராக மிக்ஸருக்கு என்றால் வேறு பதில். அறைக்குள் ஹெட்போனில் மட்டும்தான் என்றால் பதில் ரொம்பச் சுருக்கம்: வேண்டாம்.

என்னிடம் இருப்பது ட்யூப் வகை, அதாவது வெற்றிடக் குழாய் வைத்துச் சிக்னலைப் பெருக்குவது. ஒன்பது வோல்ட் அடாப்டரில் ஓடாது, நேராகப் பிளக்கில் செருக வேண்டும். உள்ளே ஒரு ப்ரீஆம்ப் ட்யூப், வெளியே போகும் வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பக்கவாட்டில் மிக்ஸருக்குப் போகும் கேபிளுக்கான எக்ஸ்எல்ஆர் சாக்கெட். முகப்பில் நாப்கள் அதிகமில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பேஸ் கிட்டாரே வாங்கலாம். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. இதே விலைத் தட்டில் உள்ள வேறு சிலவற்றையும் கடன் வாங்கி வாசித்திருக்கிறேன். இங்கே சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஏற்படும் பரவசத்தை நம்பாதீர்கள். பெடலை ஆன் செய்ததும் ஒலி பெரிதாகிறது, பெரிதானது காதுக்கு நன்றாகப் படுகிறது. ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே போதும், மனம் அதைச் ‘செழுமை’ என்று எழுதிக்கொள்ளும். கடையில் மிதித்துப் பார்த்து மயங்குவதில் பாதி இந்தக் கதைதான். லூப்பரில் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பெடல்) ஒரு வரியைப் பதிந்து பெடலுக்கு முன்னால் ஓடவிடுங்கள். ஆன், ஆஃப் இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் வரும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். வேறொருவரை மிதிக்கச் சொல்லி, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆனில் இருப்பதுதான் பிடிக்கிறது என்றால் விஷயம் இருக்கிறது. என் பெடல் இந்தச் சோதனையில் தேறியது. ஆனால் வித்தியாசம் நான் நினைத்திருந்ததில் பாதிதான்.

அந்தப் பாதி எங்கே இருக்கிறது? அடிநாதத்தில் இல்லை. நாலு கம்பி பேஸின் திறந்த இ கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியின் பி 31 ஹெர்ட்ஸ். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அந்த ஆழத்துக்கு முழுசாக இறங்குவதே இல்லை. ஃபோனில் பாட்டுக் கேட்கும்போது 41 ஹெர்ட்ஸ் சுத்தமாக இல்லை, ஆனாலும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று தெரிகிறதல்லவா? 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வரும் ஹார்மோனிக்குகளை வைத்து மூளை அடிச் சுரத்தைத் தானாகக் கட்டிக்கொள்கிறது. நல்ல ட்யூப் ப்ரீஆம்ப் செய்யும் முக்கியமான வேலையே இந்த மேலடுக்குகளுக்குக் கொஞ்சம் சதை சேர்ப்பதுதான். டிஸ்டார்ஷன் என்று காதில் விழாது. ஆனால் டிரம்மும் இரண்டு கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து இறங்கும் இடத்தில் பேஸ் வரி கரைந்துபோகாமல் நிற்கும்.

கம்பியை ஓங்கி இழுத்து வாசிக்கும்போதும் வித்தியாசம் தெரியும். நேர் டிஐயில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் முள்ளாகத் துருத்தும், சவுண்ட்காரர் சத்தத்தின் உச்சங்களை அடக்கும் கம்ப்ரெஸரை அழுத்துவார். ட்யூபும் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த முனையை மெல்ல மழுக்கிவிடுகின்றன. விரலுக்குக் கீழே இது ஒரு இழைவாகத் தெரிகிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா என்றால், அனேகமாகத் தெரியாது. வாசிக்கும் எனக்குத் தெரிகிறது, அதனால் வாசிப்பு மாறுகிறது. இதற்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பது அவரவர் பாடு.

மிட், அதாவது நடு ஒலிகள், பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தனியாக வாசிக்கும்போது எல்லோரும் பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) நாப்கள் இரண்டையும் ஏற்றி நடுவைக் குறைப்பார்கள்; கேட்க அழகாகத்தான் இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் அந்த அழகு காணாமல் போகும், ஏனென்றால் கிக் டிரம் கீழேயும் சிம்பல் மேலேயும் இடத்தைப் பிடித்துவிடுகின்றன. 250இலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள அந்த மூக்கொலிப் பகுதிதான் பேஸின் சொந்த நிலம். சத்தத்தின் அளவும் இதில் விளையாடுகிறது. தாழ்ந்த சத்தத்தில் காதுக்கு அடி ஒலிகள் குறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். வீட்டில் மெதுவாக வைத்து அமைத்த டோன் மேடையில் கும்மென்று குழம்புவதற்கு அதுதான் காரணம். ஆனால் கவனியுங்கள், மிட்டை ஏற்ற விலையுயர்ந்த பெடல் தேவையில்லை. அடி, நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் சாதாரண ஈக்யூ பெடலும் செய்யும், ஆம்பில் உள்ள நாபும் செய்யும், மிக்ஸரும் செய்யும். இதற்காக மட்டும் வாங்குகிறவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

டிஐ வசதியில்தான் என் பெடல் தன் சோற்றுக்கு உழைக்கிறது. மேடைக்கு மேடை சவுண்ட் சிஸ்டம் மாறுகிறது. கிடைக்கும் டிஐ பாக்ஸ் சில இடங்களில் அருமையானது, சில இடங்களில் எவர் காலிலோ நசுங்கியது. என் சிக்னல் என் பெட்டியிலிருந்தே கிளம்பினால், குறைந்தபட்சம் மிக்ஸர் வரைக்கும் அது எனக்குத் தெரிந்த ஒலி. காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டரில் கேட்டு வாசிப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம், காதில் விழுவது அந்த டிஐ சிக்னல் மட்டும்தானே. மேடையில் ஆம்பே இல்லாமல் வாசிக்கும் வழக்கம் பெருகப் பெருக இந்தப் பெட்டிகளுக்கு மவுசு கூடியதில் ஆச்சரியமில்லை.

வாங்குவதற்கு முன் சில சின்னச் சுவிட்சுகளைப் பாருங்கள், விளம்பரத்தில் இவற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள். கிரவுண்ட் லிஃப்ட், அதாவது எக்ஸ்எல்ஆரின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம் வேண்டும். ஹம் வரும் மேடையில் அது ஒன்றே மானத்தைக் காப்பாற்றும். டிஐ சிக்னல் ஈக்யூவுக்கு முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால் நல்லது. சில சவுண்ட்காரர்கள் உங்கள் டோனை விரும்ப மாட்டார்கள், எதுவும் சேர்க்காத பச்சைச் சிக்னல்தான் கேட்பார்கள். அதில் சண்டை போடுவது வீண். மைக்குகளுக்காக மிக்ஸரிலிருந்து கேபிள் வழியே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரைத் தாங்குமா என்று கையேட்டில் படித்துவிடுங்கள்.

ட்யூப் என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். 12ஏஎக்ஸ்7 போன்ற ட்யூப் ஆம்ப்களில் நூறு வோல்ட்டுக்கு மேல், பெரும்பாலும் இருநூறைத் தாண்டி ஓடுவது. ஒன்பது வோல்ட் பெடலில் அதே ட்யூபைப் போட்டு, உள்ளே வோல்டேஜை உயர்த்தாமல் பட்டினி போட்டால், வருவது வேறு ஒலி. கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ட்யூப் ஆம்பின் விரிவு அதில் இருக்காது. மறுபக்கம், ட்யூபே இல்லாத அனலாக் பெட்டிகள் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. சான்ஸ்ஆம்ப் என்ற பெட்டி வரிசை 1989இலிருந்து இதைத்தான் செய்துவருகிறது, அதன் பேஸ் பதிப்பை மேடைகளில் பார்க்காதவர் இருக்க முடியாது.

என் பெட்டியின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். கனம். பெடல்போர்டில் பாதி எடை இது ஒன்றுதான். சூடாகும், பக்கத்தில் வேறு பெடலை நெருக்கி வைக்க முடியாது. மற்றதெல்லாம் ஒரே பவர் சப்ளையில் ஓட, இதற்கு மட்டும் தனி பிளக் தேட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷன் கிடையாது, அதனால் புதுக் கம்பி போட்ட வாரத்தில் டிஐயில் விரல் உரசும் கீச்சொலியெல்லாம் பளிச்சென்று போய்ச் சேரும். பையில் போட்டு எடுத்துப் போகும்போது நாப்கள் நகர்ந்துவிடும், வெள்ளை மார்க்கரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ட்யூப் ஒருநாள் தேயும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ரெக்கார்டிங்குக்கு? அங்கே என் உற்சாகம் குறைவு. கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான ஹை-இசட் உள்ளீடு இருந்தால் பிக்கப்புக்குத் தேவையான ஒரு மெகா ஓம் அளவு இம்பீடன்ஸ் கிடைத்துவிடுகிறது, ட்ரெபிள் தேயாது. மீதியைக் கணினியில் ஓடும் ப்ளக்-இன் மென்பொருள் பார்த்துக்கொள்ளும், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். முடிந்த மிக்ஸில் எது ப்ளக்-இன், எது என் பெட்டி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. டெட்ராய்டின் மோடவுன் ஸ்டூடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 60களில் வாசித்த அந்த வரிகள் நேராக கன்சோலுக்குள் போனவை. ஒரு ப்ரெசிஷன் பேஸ், மாற்றவே மாற்றாத பழைய, வழவழப்பான ஃபிளாட்வூண்ட் கம்பிகள், ஒரே ஒரு விரல். முதலில் கம்பி, செட்டப், வலதுகை மூன்றையும் பார்த்துவிட்டுப் பெடலுக்கு வாருங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒருமுறை யோசிக்கலாம். உங்கள் பேஸுக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. 1976இல் வந்த ஸ்டிங்ரே என்ற பேஸ் கிட்டார் அதை எல்லோருக்கும் பழக்கப்படுத்திவிட்டது. வெளியே இன்னொன்றைச் சேர்க்கும்போது இரண்டிலும் அடி ஒலி நாபை ஏற்றிவைத்து ஸ்பீக்கரை வாட்டி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டாரில் உள்ள நாபை நடுவில் வைத்துவிட்டு வெளியே மட்டும் திருகினால் தப்பிக்கலாம். என் அனுபவத்தில் இந்தப் பெட்டி, உள்ளே ப்ரீஆம்ப் இல்லாத பாசிவ் பேஸோடுதான் அதிகம் ஒட்டுகிறது.

மாதத்தில் பலமுறை, வெவ்வேறு மேடைகளில், டிஐ வழியாக, பாசிவ் பேஸில் வாசிப்பவராக இருந்தால் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். இந்த நான்கில் இரண்டு பொருந்தாவிட்டால் நடுத்தர விலையில் ஒரு நல்ல ப்ரீஆம்ப்-டிஐ போதும், மிச்சப் பணத்தில் பேஸை நல்ல கைகாரரிடம் கொடுத்து ஃப்ரெட் வேலை பார்த்துக்கொள்ளுங்கள். நான் என்னுடையதை விற்கப்போவதில்லை. ஆனால் தொலைந்துபோனால் அடுத்த நாளே இதையே திரும்ப வாங்குவேனா என்று கேட்டால் கொஞ்சம் இழுப்பேன்.

இந்த விலைத் தட்டில் இரண்டாம் கைக்குக் கிடைப்பதைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். நன்றாக வைத்திருந்தால் விலை அவ்வளவாக இறங்குவதில்லை, பிடிக்காவிட்டால் பெரிய நட்டமில்லாமல் கைமாற்றலாம். பார்க்கப் போகும்போது உங்கள் பேஸையும் ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆன் செய்து பத்து நிமிடம் சூடாக விடுங்கள். பிறகு பெட்டியின் மேல் விரலால் லேசாகத் தட்டுங்கள், ஸ்பீக்கரில் மணியோசை மாதிரி கேட்டால் ட்யூப் மைக்ரோஃபோனிக் ஆகியிருக்கிறது, அதை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாபையும் முழுச்சுற்று திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். கடைசியாக எக்ஸ்எல்ஆர் வழியாக ஒரு மிக்ஸரில் செருகி, கிரவுண்ட் லிஃப்டைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். விற்பவர் மிக்ஸர் இல்லை என்றால், இருக்கும் இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.