மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டின் 1792 புத்தகம்: வாங்கலாமா?

முதலில் புத்தகத்தின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உள்ளே இருப்பதற்கு அப்புறம் வருகிறேன். ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய 'அ விண்டிகேஷன் ஆஃப் த ரைட்ஸ் ஆஃப் வுமன்' (பெண்ணின் உரிமைகளுக்கான வாதம்) நூலின் மலிவுப் பதிப்பு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விலை 200 ரூபாய்க்குள். அட்டை நன்றாக இருக்கிறது. எழுத்து மிகப் பொடி, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதக்கூட இடமில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். முன்னுரையும் இல்லை, விளக்கக் குறிப்புகளும் இல்லை என்பதுதான் பெரிய குறை. ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அவர் அந்தக் காலத்து எழுத்தாளர்களோடு வழக்காடுகிறார். அவர்கள் யாரென்று தெரியாமல் படித்தால், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பதுபோல் இருக்கும்.

அதனால் அந்த ஆட்களை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஜான் கிரிகரி ஒரு மருத்துவர். தன் மகள்களுக்கு அவர் எழுதிய அறிவுரை நூல் 1774-இல் வந்தது. உங்களுக்குப் படிப்பு இருந்தால் அதை ஆண்களிடம் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார். ஜேம்ஸ் ஃபோர்டைஸ் இளம்பெண்களுக்குப் பிரசங்கம் எழுதிய பாதிரியார். இவர்கள் எல்லாருக்கும் மேலே தத்துவ அறிஞர் ரூசோ. ஒரு சிறுவனை வளர்ப்பது பற்றி 1762-இல் வந்த 'எமில்' நூலில் எமிலைச் சுயமாகச் சிந்திக்கப் பழக்கிவிட்டு, அவனுக்கு மனைவியாகப்போகிற சோஃபியை அவனுக்குப் பிடித்தமானவளாக இருக்க மட்டும் பழக்குகிறார். ஆணுக்கு ஒரு குணம், பெண்ணுக்கு ஒரு குணம். வுல்ஸ்டன்கிராஃப்ட்டுக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறவள். பிரெஞ்சுப் புரட்சியை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அந்தப் புரட்சியின் சூட்டில் எழுதப்பட்ட புத்தகம் இது. பிரான்சில் பொதுக்கல்வித் திட்டம் ஒன்றை 1791-இல் முன்வைத்த அரசியல்வாதி தாலிரானுக்குத்தான் இதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். மனித உரிமை பேசுகிற நீங்கள் பாதி மனிதர்களை எப்படி வெளியே நிறுத்துகிறீர்கள் என்று அந்தக் காணிக்கையிலேயே நேராகக் கேட்டுவிடுகிறார்.

தலைப்பில் உரிமை இருந்தாலும், உள்ளே அடிக்கடி வருவது நற்குணம்தான். இன்றைய பெண்ணியக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அவர் வாதம் இப்படிப் போகிறது: நற்குணம் அறிவிலிருந்து வருகிறது. தானே யோசித்து, தானே முடிவெடுத்து நடந்தால்தான் அது குணம். சொன்னபடி கேட்பது வெறும் பழக்கம். பிழைப்புக்கே ஆணை நம்பியிருப்பவளுக்குத் தந்திரமும் நடிப்பும்தான் கைகொடுக்கும். அவளைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் குணத்தை எதிர்பார்ப்பது வீண்.

இதற்கு அவர் காட்டுகிற உதாரணம் எனக்கு மிகப் பிடித்தது: படை அதிகாரிகள். சிறு வயதிலேயே படையில் சேர்ந்து, ஆழமான படிப்பு இல்லாமல் நடை உடை பாவனை மட்டும் கற்றவர்கள். அவர்களுக்கும் அலங்காரம் பிடிக்கும், நடனம் பிடிக்கும், நாலு பேர் பார்க்க நடப்பது பிடிக்கும். பெண்களின் இயல்பு என்று எதைச் சொல்கிறார்களோ அத்தனையும் அவர்களிடம் இருக்கிறது. இருவருக்கும் ஒரே மாதிரி கல்வி, அதனால் ஒரே மாதிரி குறைகள். இதில் ஆண் பெண் வித்தியாசம் எங்கே வந்தது என்று கேட்கிறார். 1792-இல்!

நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது: பெண்களுக்கு ஆண்கள் மேல் அதிகாரம் வேண்டும் என்று நான் விரும்பவில்லை, தங்கள் மேல் அதிகாரம் வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

சரி, இன்றைய பெண்ணியத்திலிருந்து எங்கே விலகுகிறார்? எங்களை விடுவித்தால் நல்ல மகள்களாக, நல்ல மனைவிகளாக, நல்ல தாய்களாக, நல்ல குடிமக்களாக இருப்போம் என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆண்களிடம் சொல்கிறார். உரிமைக்குக் கடமையைக் காரணமாகக் காட்டுகிற வாதம் இது. இன்றைக்கு யாரும் இப்படிப் பேச மாட்டார்கள், பேசவும் கூடாது. நல்லவளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் சமமாக வேண்டும், உடம்பு அவளுடையது. உரிமைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பது தவறு. இந்த இடத்தில் நான் முழுக்க இன்றைய பெண்ணியத்தின் பக்கம்.

இன்றைய பெண்ணியம் நற்குணப் பேச்சைக் கைவிட்டதற்கு அவர் வாழ்க்கையே ஒரு காரணம் சொல்லும். குழந்தை பெற்ற சில நாட்களில் 1797 செப்டம்பரில், 38 வயதில் இறந்துபோனார். கணவர் வில்லியம் காட்வின் அடுத்த ஆண்டே மனைவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். திருமணத்துக்கு முன் இருந்த உறவு, அதில் பிறந்த மகள், தற்கொலை முயற்சிகள் எல்லாம் வெளியே வந்தன. அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு அவர் பெயரைச் சொல்லவே பலர் தயங்கினார்கள். நற்குணத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவரை அதே நற்குணத்தைச் சொல்லியே அடித்தார்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் நம் காலத்தையும் தாண்டி நிற்கிறார் என்பேன். பெண்ணுக்கென்று தனிக் குணம் கிடையாது, குணம் எல்லாருக்கும் ஒன்றே. ஆங்கில வரலாற்றாசிரியர் கேத்தரின் மெக்காலே 1790-இலேயே இதைச் சொல்லியிருந்தார், வுல்ஸ்டன்கிராஃப்ட் அவரை மனதாரப் பாராட்டுகிறார். கற்பும் அடக்கமும் நல்லவை என்றால் ஆணுக்கும் நல்லவை, இல்லையென்றால் யாருக்கும் இல்லை. நாமோ இன்றும் பெண் என்றால் பொறுமை, பெண் என்றால் கருணை என்று மகளிர் தின மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குகிறோம். அதைக் கேட்டிருந்தால் அவர் சும்மா இருந்திருக்க மாட்டார்.

குறைகளும் உண்டு. ஆறு வாரத்தில் எழுதியது என்பார்கள், படிக்கும்போது நம்பத் தோன்றும். சொன்னதையே சொல்கிறார், விட்ட இடத்துக்கு மூன்று பக்கம் கழித்து வருகிறார். நடுத்தர வர்க்கப் பெண்களை நோக்கித்தான் பேசுகிறேன் என்று அவரே சொல்கிறார், அதனால் வேலைக்காரப் பெண்கள் ஓரமாகவே நிற்கிறார்கள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை ஆசிரியர்கள் தவறவிடாதீர்கள். ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை ஆணும் பெண்ணும், ஏழையும் பணக்காரரும் ஒரே உடையில், கட்டணமில்லாமல் ஒன்றாகப் படிக்கும் பகல் பள்ளிகள் வேண்டும் என்கிறார். பள்ளியைச் சுற்றிப் பெரிய மைதானம் இருக்க வேண்டும், பிள்ளைகளை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்கக் கூடாது.

வாங்குவதென்றால், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் முன்னுரையும் குறிப்புகளும் உள்ள பதிப்பை வாங்குங்கள். மூலம் மட்டும் போதும் என்றால் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, என் மாதிரி மலிவுப் பதிப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம். முதலில் காணிக்கை, பிறகு 2, 4, 9, 12 என்ற வரிசையில் படித்துவிட்டு, ரூசோவோடு நடக்கும் நீண்ட வழக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.