ஷாஃப்டை வெளியே கொடுத்து ஒரு வருசம்: என் அனுபவம்

"அப்பா, பம்ப் ஷாஃப்டு (உள்ளே சுத்துற தண்டு) செய்ய நம்மளே ஒரு சிஎன்சி, அதான் கம்ப்யூட்டர்ல ஓடுற லேத்து, போட்டுடலாம்"னு என் பையன் ரெண்டு வருசமாச் சொல்லிட்டு இருந்தான். கோவையில் நம்மளுது சின்ன மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே தண்டுல இருக்கறது) பட்டறைங்க. மாசம் 400 பம்ப், கோடையில் 650 வரைக்கும் போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். புது சிஎன்சி லேத்தும் தண்டைத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டுவர்ற பழைய கிரைண்டிங் மெஷினும் சேர்ந்து 18 லட்சம். 10% வட்டிக்கு அஞ்சு வருசக் கடன்னா மாசத் தவணை 38,000. ஆபரேட்டர் சம்பளம் மாசம் 22,000. கரண்ட், டூல் எல்லாம் ஒரு ஷாஃப்டுக்கு 30 ரூபாய். 400-க்கு வகுத்தா ஒண்ணு 180 ரூபாய்! இரும்பு ராடு நம்மளுதுன்னா, வெளியே லேத்துப் பட்டறைக்காரர் ஒரு ஷாஃப்டுக்குக் கேட்டது 95. மாசம் 920-க்கு மேல ஓடினாத்தான் சொந்த மெஷின் கட்டுப்படியாகும். 400 ஷாஃப்டுக்கு பத்து ஷிஃப்ட் போதும், மீதி நாளெல்லாம் மெஷினுக்கு மாலை போட்டு உக்கார வைக்கணும்.

அதனால வெளியே கொடுத்தோம். டர்னிங் (லேத்துக் கடைசல்) அருமை, தோள் (தண்டுல பருமன் மாறுற படி) நீளம் ஒரு லாட்டிலும் பிசகலை. சரக்கோட போய் வர்ற சலான் சுத்தம். ஜிஎஸ்டி விதிப்படி வேலைக்கு அனுப்பின சரக்கு ஒரு வருசத்துக்குள்ள திரும்பி வரணுமேங்கிற கவலையே வந்ததில்லை.

ஒரு தடவை மட்டும் வயிறு எரிஞ்சுது. 120-ல் 31 ஷாஃப்டுக்கு 6205 பேரிங் (25 மி.மீ. ஓட்டை உள்ளது) கையால தள்ளினாலே ஏறுது. பேரிங் உக்கார்ற இடத்துல தண்டு 25 மி.மீ.க்கு மேல 2-லேர்ந்து 11 மைக்ரான் (மி.மீ.ல ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கணும், பிரெஸ்ஸில்தான் ஏறணும். நேர்ல போய்ப் பார்த்தா, அந்தப் பட்டறையில வேலை செய்யற பையன் கிரைண்டிங்கிலிருந்து எடுத்த சூட்டோட மைக்ரோமீட்டர் வைக்கிறான். 20 டிகிரி சூடு கூடினாலே அந்தத் தண்டு 6 மைக்ரான் பெருத்துக் காட்டும். ஆறினதும் அளவு போச்சு. பட்டறைக்காரர் மல்லுக்கு நிக்கலை, சொந்த ராடுல 31-ஐயும் செஞ்சு கொடுத்தார். ஆனா ஒன்பது நாளாச்சு, அதுவும் சீசன்ல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ரோட்டர் (மோட்டாரோட சுத்துற பாகம்) பேலன்சிங்கும் பம்ப் டெஸ்டிங்கும் மட்டும் யாருக்கும் கொடுக்கறதா இல்லைங்க. தண்ணி ஏறலைன்னா டீலர் என் வீட்டுக்குத்தான் வருவார்.

போன மாசம் ராடோட சேர்த்து என் ஸ்நாப் கேஜையும் (தண்டோட பருமன் சரியான்னு பார்க்கிற கருவி) அனுப்பி வெச்சேன். ஷாஃப்டு எல்லாம் வந்துடுச்சு. கேஜைத்தான் இன்னும் காணோம்.