பயர்பொக்ஸ் 115: விண்டோஸ் 7 கணினிகளுக்கான உலாவி ஒரு மதிப்பீடு

மொசில்லா 2023 யூலையில் வெளியிட்ட பயர்பொக்ஸ் 115, விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் இயங்கக்கூடிய கடைசிப் பதிப்பாகும். திருகோணமலை நகரத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் விண்டோஸ் 7 இன்னும் ஓய்வு பெறவில்லை என்பதால், இதை இப்போது மதிப்பிடுவது காலங்கடந்த வேலை அன்று. பரீட்சை விண்ணப்பம் நிரப்பவும் பெறுபேறு பார்க்கவும் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வருபவர்கள் அமர்வது பெரும்பாலும் அத்தகைய கணினிகளின் முன்னால்தான். இரண்டு ஜிபி நினைவகம் கொண்ட அவ்வாறான ஒரு கணினியில் இந்த உலாவியைக் கவனித்ததன் அடிப்படையில் இதை எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திறக்கச் சற்று நேரம் எடுக்கிறது. நான்கைந்து பக்கங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் திறந்தால் திணறுகிறது. தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றன, பிடிஎப் படிவங்கள் உலாவிக்குள்ளேயே திறக்கின்றன. கடை வேலைக்கு இவ்வளவு போதும்.

என்னை ஈர்த்தது இதன் இற்றைப்படுத்தும் முறை. பழைய விண்டோஸில் பயர்பொக்ஸ் வைத்திருந்தவர்களை மொசில்லா வெளியே தள்ளிக் கதவை மூடவில்லை. அவர்களை நீண்டகால ஆதரவுப் பதிப்பான இ.எஸ்.ஆர். (ESR) வரிசைக்குத் தானாகவே மாற்றிவிட்டது. புதிய வசதிகள் அங்கே வருவதில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வருகின்றன. 2023 செப்டெம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களைக் கையாளும் நிரல்தொகுப்பில் கடுமையான ஓட்டையொன்று வெளிப்பட்டது. தீய நோக்குடன் தயாரித்த படம் ஒன்று பக்கத்தில் இருந்தாலே போதும் என்ற அளவுக்கு அது ஆபத்தானது. அதற்கான திருத்தம் 115.2.1 என்ற பதிப்பாக இந்தப் பழைய கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது.

பழைய பதிப்பைக் கைவிடுமாறு மென்பொருள் நிறுவனங்கள் பயனரை நெருக்கலாமா என்ற கேள்விக்கு, நெருக்கத்தான் வேண்டும் என்பதே என் விடை. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 எத்தனை ஆண்டுகள் இணையத்தைப் பின்னால் இழுத்தது என்பதை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். 2009இல் யூடியூப் தன் பக்கத்தின் மேலே எச்சரிக்கைப் பட்டை போட்டு அதன் பயனர்களை வேறு உலாவிகளுக்கு அனுப்பியது. 2010 ஜனவரியில் கூகுள் உட்படப் பல நிறுவனங்கள் மீதான தாக்குதல் அந்த உலாவியின் ஓட்டை வழியாக நடந்தது தெரியவந்தபோது, ஜெர்மனி, பிரான்ஸ் அரச நிறுவனங்கள் எக்ஸ்புளோரரைத் தவிர்க்குமாறு தம் மக்களுக்கு அறிவுறுத்தின. கடைசியில் 2011இல், தான் பெற்ற பிள்ளையின் பாவனையை உலகளவில் ஒரு வீதத்துக்குக் கீழே இறக்கும் பிரசாரத்தை மைக்ரோசொப்ட் தானே தொடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் நெருக்குபவர் போகும் வழியையும் காட்ட வேண்டும். குரோம் உலாவி விண்டோஸ் 7க்கான ஆதரவைப் பதிப்பு 109உடன் நிறுத்தியபின், இனி இற்றைப்படுத்தல் வேண்டுமானால் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது தேவை என்ற பட்டையைக் காட்டத் தொடங்கியது. அதை நம்பி விண்டோஸ் 10க்குச் சென்றவருக்கும் அந்த இயங்குதளத்தின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அடுத்த படியான விண்டோஸ் 11, நான்கு ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. உலாவியை மாற்றச் சொல்வதாகத் தோன்றும் அந்த வரி, உண்மையில் கணினியையே மாற்றச் சொல்கிறது. நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய்க்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் அந்த ஆங்கில வரியை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், செய்யக்கூடியது அதை மூடிவிடுவது ஒன்றுதான்.

இதைவிட மோசமானவை சில இணையத்தளங்கள். அவை உலாவியால் தம் பக்கத்தைக் காட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் பார்த்து, வேலை செய்யக்கூடிய படிவத்தையும் மறைத்துவிடுகின்றன. அதைப் பாதுகாப்பு என்று சொல்வது சோம்பலுக்கு இடும் நல்ல பெயர்.

பயர்பொக்ஸ் 115இலும் குறை இல்லாமல் இல்லை. 2024 செப்டெம்பருடன் முடியும் எனச் சொல்லப்பட்ட ஆதரவு 2025 மார்ச்சுக்கும், பின்னர் அதற்கு அப்பாலும் தள்ளிவைக்கப்பட்டது. நீடிப்பு வரவேற்கத்தக்கதே, எனினும் தவணை தவணையாக வரும் நீடிப்பை நம்பி எவரும் புதிய கணினிக்கான சேமிப்பைத் திட்டமிட முடியாது. இன்னொன்று, உலாவி எவ்வளவு திருத்தப்பட்டாலும் அடியிலுள்ள விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே விண்ணப்பத்துக்கும் பெறுபேற்றுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வங்கிக் கணக்கை அங்கே திறக்க வேண்டாம் என்பேன்.

டேட்டாவைச் சேமிப்பதற்காக இற்றைப்படுத்தலை நிறுத்திவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. முழு நிறுவிக் கோப்பு ஐம்பது மெகாபைட்டுக்கு மேல் வரும் என்பதால் அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனால் மாதாந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் மாறிய பகுதியை மட்டுமே தரவிறக்குகின்றன. நிறுத்திவைத்ததற்கான விலையும் சிறியதன்று: 2025 மார்ச் 14இல் நிரல்கள் நம்பகமானவை என உறுதிசெய்யும் மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, இ.எஸ்.ஆர். 115.13க்கு முந்திய பதிப்புகளில் நீட்சிகள் எனப்படும் துணை நிரல்கள் செயலிழக்கும் நிலை ஏற்பட்டது. தானாக இற்றைப்படுத்தவா, கேட்டுவிட்டு இற்றைப்படுத்தவா என்று தெரிவுசெய்யும் வசதி பயர்பொக்ஸ் அமைப்புகளில் உண்டு. சாதாரணப் பயனருக்குக் குரோம் அதைத் தருவதில்லை. கைப்பேசி இணைப்பில் ஓடும் கடைக் கணினியில் இரண்டாவதைத் தெரிவுசெய்து, இரவில் கடை பூட்டுமுன் அனுமதி கொடுக்கலாம். உதவிப் பட்டியலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்: 115.13 அல்லது அதற்குப் பிந்திய 115 வரிசை எண்ணும் அதையடுத்து இ.எஸ்.ஆர். எழுத்துகளும் தெரிந்தால் சரி. அதற்குக் குறைந்த எண் தெரிந்தால், அந்தக் கணினியில் எவரோ இற்றைப்படுத்தலை நிறுத்தியிருக்கிறார். மொசில்லாவின் தளத்திலிருந்து 115 இ.எஸ்.ஆர். நிறுவியை ஒரு தடவை பென்டிரைவில் எடுத்து, கடையிலுள்ள எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிடலாம்.